உதிரும் சோறும் உணவுச் சத்தும்

சோறு குழையாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல், பருக்கை பருக்கையாக உதிர்ந்திருக்க வேண்டுமென்பது புலவு, எலுமிச்சைச் சாதம், புளியோதரை முதலியவற்றைச் சமைப்போர் அனைவருடைய விருப்பமாகும். நகரங்களில் தொடங்கிச் சிற்றூர்கள்வரை பரவியுள்ள ஃபிரைடு ரைஸுக்கு இத்தன்மை இன்னும் இன்றியமையாதது. குழைந்த சோற்றை எண்ணெயிலிட்டுக் கிளறினால் அது களியாகிவிடுகிறது. கடாயின் அடியில் பிடித்துக்கொள்கிறது. எண்ணெயும் வீணாகச் செலவாகிறது.

இக்குறையைத் தவிர்ப்பதற்குச் சமையற்காரர்கள் பல முறைகளைக் கையாளுகின்றனர். அவற்றுள் சில விஞ்ஞானத்துக்கு முற்றிலும் பொருந்துவன. வேறு சில, சோற்றை உதிரச் செய்தாலும் அரிசியிலுள்ள சத்தைச் சாக்கடையில் சேர்ப்பன. முதல்நாள் வடித்த சோற்றை இரவு முழுவதும் வெளியில் வைத்திருந்து மறுநாள் வறுக்கும் முறையோ உடல்நலத்துக்கே ஊறு விளைவிக்கக் கூடியது. மாணவர் விடுதிகளிலும் சத்துணவுக் கூடங்களிலும் ஒரே பாத்திரத்தில் சமைத்த சோற்றைப் பல குழந்தைகள் உண்பதால், அங்கு நேரும் சிறு தவறும் பெருந்தீங்காக முடியலாம். ஆகவே, சோறு உதிர்வதற்கும் ஒட்டுவதற்கும் காரணம் யாது, சத்து இழப்பின்றியும் தீங்கின்றியும் உதிரியான சோற்றைப் பெறும் வழி யாது என்பவற்றைக் களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

அரிசி மணியினுள் நிகழ்வது

தீட்டிய அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 78 கிராம் ஸ்டார்ச்சு என்னும் மாச்சத்து உள்ளது. 12 முதல் 14 கிராம் வரை ஈரமும், 7 கிராம் அளவில் புரதமும் இருக்கின்றன. ஸ்டார்ச்சு மிக நுண்ணிய துகள்களாக மணியினுள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது. குளிர்ந்த நீரில் இத்துகள்கள் கரைவதில்லை. நீரோடு சேர்த்துச் சூடேற்றும்பொழுது, அரிசியின் வகைக்கேற்ப 55 முதல் 79 டிகிரி சென்டிகிரேடுக்குள் ஒரு நிலையில், அவை நீரை ஈர்த்துப் பருத்துத் தம் ஒழுங்கான அமைப்பை இழந்து கூழாகின்றன. அரிசி வேகுதல் என்று வழங்குவது இம்மாறுதலே.

ஸ்டார்ச்சில் இருவகை மூலக்கூறுகள் உள்ளன. அமிலோஸ் என்பது பெரும்பாலும் கிளைகளின்றி நீண்ட சங்கிலி போன்றது. அமிலோபெக்டின் என்பது மரம்போல் எண்ணற்ற கிளைகளை உடையது. அரிசி வேகும்போது துகள்கள் பருத்துச் சில வெடிக்கின்றன. அவற்றிலிருந்து கசியும் பொருள் பருக்கையின் மேற்புறத்தில் பசைபோல் படிகிறது. அமிலோஸ் மிகுந்த அரிசியில் துகள்கள் அளவோடு பருக்கின்றன. சோறு ஆறும்பொழுது அமிலோஸ் சங்கிலிகள் தம்முள் இணைந்து பருக்கையை உறுதியாக்குகின்றன. அமிலோஸ் குறைந்த அரிசியிலோ துகள்கள் எளிதில் சிதைந்து, மேற்புறம் நீங்காத பசையுடையதாகிறது.

அமிலோஸ் அளவை ஒட்டியே அரிசி வகைகளைப் பிரிக்கின்றனர். ஸ்டார்ச்சில் 100க்கு 2 பங்குக்கும் குறைவாக அமிலோஸ் உள்ளவை பசையரிசி வகைகள். அசாமில் பலகாரங்களுக்குப் பயன்படும் போரா சாவுல் இவ்வகையைச் சேர்ந்தது. ஜப்பானியர் விரும்பி உண்ணும் அரிசிகளில் அமிலோஸ் 20 பங்குக்குக் குறைவு. குச்சிகளால் எடுத்து உண்பதற்கு ஏற்றவாறு சோறு திரண்டு நிற்பதன் காரணம் இதுவே. பாசுமதியில் 20 முதல் 25 பங்கு வரை உள்ளது. ஆதலால் சோறு மிருதுவாகவும் அதே சமயம் உதிரியாகவும் அமைகிறது. தென்னிந்தியாவில் உண்ணப்படும் அரிசிகளுள் பல 25 பங்குக்கு மேல் அமிலோஸ் உடையவை. இவை நன்கு உதிரும். ஆனால் ஆறியபின் விறைத்துப் போகும்.

அமிலோஸ் அளவு ஒன்றே சோற்றின் தன்மையைத் தீர்மானிப்பதில்லை. மைசூரில் 1950ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் கே. ஆர். பட்டாச்சார்யாவும் அவருடைய சகாக்களும் இப்பொருள் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தனர். ஒரே அளவு அமிலோஸ் உடைய இரண்டு அரிசிகள் வெவ்வேறு தன்மையுடைய சோற்றைத் தருவது ஏன் என்பதற்கு அவர்களுடைய ஆராய்ச்சிகள் விளக்கம் தந்தன. வெந்நீரில் கரையாமல் மணியினுள்ளேயே தங்கும் பகுதியின் அளவு சோற்றின் உறுதியோடு நெருங்கிய தொடர்புடையது என்பது அவற்றால் புலப்பட்டது.

பழைய அரிசியின் சிறப்பு

புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரும் என்பது வீடுதோறும் அறிந்த செய்தி. அறுவடை செய்த மூன்று அல்லது நான்கு மாதங்களுக்குள் அரிசியின் இயல்பு கணிசமாக மாறுகிறது. பழைய அரிசி வேகுவதற்குச் சற்று மிகுந்த நேரம் வேண்டும். அது மிகுந்த நீரை ஏற்கும். பருமனில் அதிகமாகப் பெருகும். கஞ்சியில் கரையும் திடப்பொருள் குறையும். ஸ்டார்ச்சின் அளவு மாறுவதால் இது நிகழ்வதில்லை. புரதத்தின் பிணைப்புகள் வலுப்பெறுதல், கொழுப்பு சிதைந்து அதன் அமிலங்கள் தோன்றுதல், உயிரணுச் சுவர்கள் உறுதியடைதல் ஆகிய பல மாறுதல்கள் ஒருங்கே நிகழ்ந்து, துகள்கள் பருத்துச் சிதைவதைத் தடுக்கின்றன. பாசுமதி அரிசியை வணிகர்கள் ஓராண்டு அல்லது அதற்கு மேலும் இருப்பில் வைத்து விற்பதற்குக் காரணம் இதுவே.

வேகும்போது அகலத்தில் அதிகம் பருக்காமல் நீளத்தில் வளர்வது பாசுமதியின் தனிச் சிறப்பு. இத்தன்மையைப் பெருக்குவதில் டில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் பெருவெற்றி கண்டது. அந்நிலையம் 2003இல் வெளியிட்ட பூசா 1121 என்னும் வகையின் அரிசி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் நீளமுடையது. சமைத்தபின் 20 மில்லிமீட்டர் அளவை எட்டக் கூடியது.

ஆயினும், உதிரியான சோற்றுக்கு விலையுயர்ந்த பாசுமதிதான் வேண்டுமென்பதில்லை. அமிலோஸ் மிகுந்த சாதாரண அரிசியே, ஆறு மாதம் பழகியதாயின், போதுமானது. நொய்யைச் சலித்து நீக்குதல் மட்டும் அவசியம். உடைந்த மணியின் வெட்டுவாயிலிருந்து ஸ்டார்ச்சு எளிதில் கசிந்து முழு மணிகளையும் ஒட்டவைக்கும். சலித்த நொய் கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் உதவும்.

புழுங்கல் அரிசி

நெல்லை நீரில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திக் குத்துவதால் கிடைப்பது புழுங்கல் அரிசி. அவிக்கும்பொழுதே ஸ்டார்ச்சு ஒருமுறை கூழாகி, உலரும்போது மீண்டும் இறுகிவிடுகிறது. மணியிலுள்ள வெடிப்புகளும் அடைபடுகின்றன. இதனால் புழுங்கல் அரிசி சமைக்கும்போது குறைவாகவே கரைகிறது. சோறு நன்கு உதிர்கிறது.

அதனினும் சிறந்த நன்மை ஒன்றுண்டு. நெல்லின் தவிட்டிலும் முளையிலும் உள்ள வைட்டமின் பி1 முதலிய சத்துக்கள் ஊறும்போதும் அவியும்போதும் மணியின் உட்புறம் ஊடுருவுகின்றன. ஆகவே தீட்டும்போதும் கழுவும்போதும் அவை பச்சரிசியைவிடக் குறைவாகவே இழக்கப்படுகின்றன. இச்சத்தின் குறைவால் வரும் பெரிபெரி என்னும் நோய், தீட்டிய பச்சரிசியையே பெரிதும் உண்ட மக்களிடையே முற்காலத்தில் பரவியிருந்தது. புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே அது அரிதாயிருந்ததும் இவ்வுண்மையை விளக்கும். கலவைச் சாதங்களுக்குப் பச்சரிசியே ஏற்றது என்ற எண்ணம் பல இடங்களில் நிலவினும், மெல்லிய புழுங்கல் அரிசி அவற்றுக்கு முற்றிலும் தகுதியுடையதே.

கழுவுதலும் வடித்தலும்

அரிசியின் மேல் ஒட்டியுள்ள மாவு பசைக்கு ஒரு காரணமாதலால் அரிசியைக் கழுவியே சமைக்க வேண்டும். ஆனால் நீர் தெளியும்வரை ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவுவது தவறு. வைட்டமின் பி1 நீரில் கரைவது. பச்சரிசியிலிருந்து அதன் கணிசமான பகுதி கழுநீரிலேயே போய்விடும். குறைந்த நீரில், கசக்காமல், இரண்டு முறை அலசுதலே போதும்.

வடித்தலிலும் இதே கேள்வி எழுகிறது. அரிசியைப் போல் ஆறு முதல் எட்டு மடங்கு நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால், கசிந்த ஸ்டார்ச்சு கஞ்சியோடு நீங்குவதால் சோறு மிக எளிதில் உதிரும். ஆனால் நீரில் கரையும் வைட்டமின்களும் தாது உப்புக்களின் ஒரு பகுதியும் அதனோடு நீங்குகின்றன. சத்துக்கள் சேர்த்துச் செறிவூட்டிய அரிசி பயன்படும் இடங்களில் வடித்த கஞ்சியைக் கொட்டிவிடுவது, அச்சத்துக்களைச் சேர்த்த நோக்கத்துக்கே மாறாகும். வடிக்கத்தான் வேண்டுமெனில் கஞ்சியைப் பருப்பிலோ ரசத்திலோ காய்கறிக் கூட்டிலோ சேர்த்து அன்றே உபயோகித்துவிட வேண்டும்.

சோறு வெண்மையாகவும் விரைவாகவும் வேகவேண்டுமென்று சமையற் சோடா சேர்ப்பது அறவே தவிர்க்கத் தக்கது. காரத்தன்மையுள்ள நீரில் வைட்டமின் பி1 அழிகிறது. சோறு மஞ்சளிப்பதோடு குழைந்தும் போகிறது.

பரிந்துரைக்கும் முறை

வடிக்காமல், அளந்த நீரில் சமைத்து உதிரியான சோற்றைப் பெறுவது சாத்தியமே. அதன் படிகள் பின்வருமாறு:

(1) பழைய அரிசியைச் சலித்து, இருமுறை அலசி, சமைப்பதற்காக அளந்து வைத்த நீரிலேயே 20 முதல் 30 நிமிடம் ஊறவிடுக. ஊறிய மணியில் நீர் உட்பகுதிவரை பரவியிருப்பதால் சூடேறும்போது உள்ளும் புறமும் ஒருசேர வேகும். ஊறாத மணியில் உட்பகுதி வேகுவதற்குள் மேற்பகுதி குழைந்துவிடும்.

(2) நீரின் அளவு முக்கியமானது. ஒரே பாத்திரத்தால் அளக்கும்போது, ஓர் அளவு பழைய பச்சரிசிக்கு ஒன்றரை அளவு நீரும், புதிய பச்சரிசிக்கு ஒன்றே கால் அளவும், புழுங்கல் அரிசிக்கு இரண்டு முதல் இரண்டரை அளவும் தொடக்கமாகக் கொள்ளலாம். அரிசி வகையும் பாத்திரமும் அடுப்பும் மாறுமாதலால், புதிய மூட்டை பிரிக்கும்போதெல்லாம் சிறிதளவு சமைத்துப் பார்த்து நீரைத் திட்டப்படுத்திக்கொள்ள வேண்டும்.

(3) ஒரு கரண்டி எண்ணெய் சேர்க்கலாம். கொழுப்புப் பொருள்கள் அமிலோஸுடன் இணைந்து துகள்கள் மிகையாகப் பருப்பதைத் தடுக்கின்றன. கொதி பொங்கி வழிவதும் குறையும்.

(4) கொதி வந்தபின் மூடி, தணலைக் குறைத்து, நீர் வற்றும்வரை கிளறாமல் விடுக. வெந்துகொண்டிருக்கும் பருக்கை மிக மென்மையானது. கரண்டி பட்டால் உடைந்து பசை கசியும்.

(5) அடுப்பிலிருந்து இறக்கியபின் 10 நிமிடம் மூடியே வைத்திருக்க. மேற்புறத்து ஈரம் உட்புறம் சென்று சமனாவதற்கு இவ்வோய்வு தேவை.

(6) பின்னர் அகன்ற தட்டுகளில் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, மெல்லிய தூய துணியால் மூடி, காற்றோட்டத்தில் 20 முதல் 30 நிமிடம் ஆறவிடுக. நீராவி வெளியேறுவதால் பருக்கையின் மேற்புறம் உலர்ந்து பசை நீங்கும்.

(7) உடனே வறுத்து முடிக்க வேண்டும். இரும்புக் கடாய் நன்கு காய்ந்த பின்பு, சிறு சிறு பகுதிகளாகச் சோற்றை இடுக. ஒரே தடவையில் நிறைய இட்டால் கடாயின் சூடு தணிந்து, சோறு வறுபடாமல் தன் ஆவியிலேயே மீண்டும் வெந்து குழையும். காய்கறிகளைத் தனியே வதக்கி, அவற்றின் நீர் வற்றிய பின்னரே சேர்க்க வேண்டும்.

சோறு பதமாக வெந்ததா என்று அறிய ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆராய்ச்சிக்கூடங்களில் ஒரு பருக்கைக்குப் பதிலாகப் பத்துப் பருக்கைகளை எடுத்து இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அழுத்திப் பார்க்கின்றனர். பத்தில் ஒன்பது பருக்கைகளில் நடுவில் வெண்மையான வேகாத புள்ளி காணப்படாவிடில் அரிசி வெந்தது என்று கொள்வர். ஃபிரைடு ரைஸுக்கு இந்நிலையை அடைந்தவுடனே நிறுத்திவிட வேண்டும்.

ஆறிய சோறு ஏன் உதிர்கிறது?

முதல்நாள் சோறே வறுப்பதற்குச் சிறந்தது என்ற கருத்துக்கு விஞ்ஞான அடிப்படை உண்டு. கூழான ஸ்டார்ச்சு ஆறும்போது அதன் மூலக்கூறுகள் மீண்டும் ஒழுங்காக அணிவகுத்து இறுகுகின்றன. அமிலோஸ் சில மணி நேரத்திலும், அமிலோபெக்டின் சில நாட்களிலும் இவ்வாறு இறுகும். உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட குளிரில், அதாவது 4 டிகிரி அளவில், இம்மாறுதல் மிக விரைவாக நிகழ்கிறது. குளிர்ப்பெட்டியில் இரவு முழுவதும் வைத்த சோறு விறைப்பாக இருப்பதும், கையால் உதிர்த்துக் கடாயிலிட்டதும் தனித்தனியே பிரிந்து, சூடேறியபின் மீண்டும் மிருதுவாவதும் இதனாலேயே.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று. சோற்றை இறுகச் செய்வது குளிர்ச்சியே. நேரம் மட்டும் அன்று. குளிர்ப்பெட்டியின்றி அறையின் வெப்பத்தில் வைத்த சோறு வறுப்பதற்கு ஓரளவு ஏற்றதாகலாம். ஆனால் அதனுள் வேறொன்றும் வளர்கிறது.

வெளியில் வைத்த சோற்றின் அபாயம்

மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியம் நெல்லோடும் அரிசியோடும் வருவது இயல்பு. இது தன்னைக் காத்துக்கொள்ளக் கடினமான வித்துக்களாக மாறவல்லது. கொதிநீர் இவ்வித்துக்கள் எல்லாவற்றையும் அழிப்பதில்லை. சமைத்த சோறு ஆறத் தொடங்கியதும் எஞ்சிய வித்துக்கள் முளைக்கின்றன. 30 முதல் 37 டிகிரி வரையுள்ள வெப்பம் இவற்றுக்கு மிகவும் உகந்தது. நம் நாட்டின் கோடைக்காலச் சமையலறையின் வெப்பமும் அதுவே. அந்நிலையில் ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை இவை இரட்டிக்கின்றன.

இப்பாக்டீரியங்களுள் சில, சோற்றில் பெருகும்போது வாந்தியை உண்டாக்கும் நச்சுப்பொருளை வெளியிடுகின்றன. இது 121 டிகிரி வெப்பத்தில் 90 நிமிடம் வைத்தாலும் சிதைவதில்லை. எனவே, கெட்ட சோற்றைக் கடாயில் எவ்வளவு சூடாக வறுத்தாலும் பாக்டீரியம் மடியும், நஞ்சு எஞ்சும். உண்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் தோன்றும். பெரும்பாலோர் ஒரு நாளில் தேறிவிடினும், சிறு குழந்தைகளுக்கும் நலிந்தோருக்கும் இது ஆபத்தாகலாம்.

பிரிட்டனில் 1971ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் சீன உணவு விடுதிகளில் ஃபிரைடு ரைஸ் உண்ட பலர் இவ்வாறு வாந்தியெடுத்தனர். விசாரித்ததில், அங்கு மொத்தமாக வேகவைத்த சோற்றைக் குவியலாக இரவு முழுவதும் வெளியிலேயே வைத்திருந்தது தெரியவந்தது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் சோறு கட்டிதட்டி, முட்டையோடு கலந்து வறுப்பது கடினம் என்பதே அதற்குக் காரணம். உதிரியான சோற்றை நாடிச் செய்த செயலே நோய்க்கு வித்தாயிற்று. பரப்பி ஆறவைத்துப் பின்பு குளிரில் வைத்திருந்தால் இரண்டு பயனும் கிட்டியிருக்கும்.

பெரிய அண்டாவில் வைத்த சோற்றின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்குமாதலால், கூட்டுச் சமையல் நடைபெறும் இடங்களில் பின்வரும் விதிகள் கண்டிப்பாகப் பின்பற்றத் தக்கவை:

(அ) குளிர்ப்பெட்டி இல்லாத இடத்தில், அன்று வேகவைத்த சோற்றை அன்றே பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வறுத்துப் பரிமாற வேண்டும். மீந்ததை மறுவேளைக்கு வைத்தல் கூடாது.

(ஆ) சூடாக வைத்திருக்க வேண்டுமானால் 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் சோறே மிகவும் ஐயத்துக்குரியது.

(இ) குளிர்ப்பெட்டி உள்ள இடத்தில், ஆழமற்ற தட்டுகளில் பரப்பிய சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, மூடி, 5 டிகிரிக்குக் கீழ் வைக்க வேண்டும். மறுநாளைக்குள் ஒரே தடவை, முழுவதும் ஆவி பறக்கச் சூடேற்றி உபயோகித்துவிட வேண்டும்.

(ஈ) நாற்றமும் சுவையும் மாறவில்லை என்பதைக் கொண்டு சோறு நல்லதென்று முடிவு செய்யலாகாது. நஞ்சு தோன்றிய சோறும் பார்வைக்கும் மணத்துக்கும் நல்ல சோறு போலவே இருக்கலாம்.

நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்யும் பழைய சோற்றையும் ஒடிசாவின் பகாளத்தையும் இதனோடு குழப்புதல் தகாது. அவற்றில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் வேறு பாக்டீரியங்கள் வளர்ந்து புளிப்பை ஏற்றுகின்றன. உலர்ந்த நிலையில் வெளியில் வைத்த சோற்றுக்கு அத்தகைய காப்பு இல்லை.

வகுப்பறையில் செய்து காட்டத் தக்கவை

முதற் பரிசோதனை: டிங்சர் அயோடினில் சில துளிகளை நீரில் கலந்து வெளிறச் செய்க. சாதாரண அரிசி மணியையும் பசையரிசி மணியையும் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் ஒவ்வொரு துளி இடுக. அமிலோஸ் உள்ள சாதாரண அரிசி நீலக் கறுப்பாகும், பசையரிசி செம்பழுப்பாகும். கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூறு வேற்றுமையை மாணவர் நேரில் காண்பர்.

இரண்டாம் பரிசோதனை: ஒரே வகையில் புது அரிசியும் பழைய அரிசியும் 50 கிராம் வீதம் எடுத்து, தனித்தனியே அரை லிட்டர் நீரில் ஒரே நேரம் வேகவைத்து வடிக்க. இரு கஞ்சிகளின் கலங்கலை ஒத்த கண்ணாடிக் குவளைகளில் ஒப்பிடுக. புது அரிசியின் கஞ்சி தடித்திருக்கும். அக்கஞ்சியைத் தட்டில் ஊற்றி வெயிலில் உலர்த்தினால், வடித்து வீணாக்கும் பொருள் எவ்வளவு என்பதை எடைபோட்டுக் காட்டலாம்.

மூன்றாம் பரிசோதனை: வெந்த பருக்கைகள் பத்தினை 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கண்ணாடித் தகடுகளிடையே அழுத்தி, நடுவிலுள்ள வெண்புள்ளி சிறுத்து மறைவதைக் குறித்து வருக. ஊறவைத்த அரிசியிலும் ஊறவைக்காத அரிசியிலும் இதனைச் செய்தால் ஊறவைத்தலின் பயன் விளங்கும். பரிசோதனைக்குப் பயன்பட்ட சோற்றை எவரும் உண்ணாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிவு

உதிரியான சோறு தற்செயலாக அமைவதன்று. அமிலோஸ் மிகுந்த பழைய அரிசி, அளவான கழுவல், முன்கூட்டி ஊறவைத்தல், அளந்த நீர், கிளறாத வேக்காடு, பரப்பி ஆறவைத்தல் என்னும் இவ்வாறும் பொருந்தினால் சோறு தானே உதிரும். கஞ்சியைக் கொட்டவும் வேண்டுவதில்லை. இரவு முழுவதும் சோற்றை வெளியில் வைக்கவும் வேண்டுவதில்லை. சமையற்கூடத்துக்குச் செல்லும் பணியாளர் அங்கு முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: வடித்த கஞ்சி எங்கே போகிறது? நேற்றைய சோறு எங்கே இருந்தது? இவ்விரண்டுக்கும் தக்க விடை கிடைக்கும் இடத்தில் குழந்தைகளின் தட்டில் விழுவது சுவையோடு சத்தும் நலமும் உடைய உணவாகவே இருக்கும்.